எண்ணெய் ஏறும்வரை

யாழ்ப்பாணத்துப் பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமற் போன நாட்களில், ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடிய கதை அது. காபரேற்றருக்குச் சில துளி பெற்றோலைச் சேலைன் போத்தலால் விட்டு எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆனால் அந்த எஞ்சின்கள் அதற்காகக் கொடுத்த விலையையும், அவற்றைக் கழற்றிப் பூட்டிய கைகளையும் பற்றி எவரும் அதிகம் எழுதியதாகத் தெரியவில்லை.

புளியங்கூடல் போன்ற தீவக ஊர்களில் கார் ஆடம்பரப் பொருளன்று. சரவணை, நாரந்தனை, ஊர்காவற்றுறை என்று அண்டை ஊர்கள் இருந்தாலும், கடும் நோயாளியை வேலணை வழியாகப் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இடப்பெயர்வுக்குப் பின்னர் வலிகாமத்தில் தங்கிய தீவக மக்களுக்கும் வாடகைக் கார்தான் அம்புலன்ஸ். ஆகவே ஓர் எஞ்சின் நின்றுபோவது வீட்டுக்காரரின் கவலையோடு முடிவதில்லை, தெருவே கவலைப்பட்டது.

பழைய பிரித்தானியக் கார்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 என்ற அளவில் தாழ்ந்திருந்ததால், அவை மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. ஆயினும் முழுமையாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரோடு வழிந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் நீர்த்தால் பெயாரிங் தேயும். தேய்ந்தால் எஞ்சினை இறக்க வேண்டும். உதிரிப் பாகங்களும் தடைசெய்யப்பட்ட அக்காலத்தில், எங்கோ தேடிப் பெற்ற ஒரு செட் பெயாரிங் போனால், அடுத்தது கிடைக்குமென்ற உறுதி இல்லை.

இங்கேதான் நான் சொல்லவந்த விடயம். கழற்றிப் பூட்டிய எஞ்சினின் அடித்தட்டில் ஒயில் நிரப்பியதும் வேலை முடிந்ததென்று நினைப்பது பெருந்தவறு. ஒயில் அடித்தட்டில் இருக்கிறது. பெயாரிங்கோ மேலே, வெறுமையான குழாய்களுக்கு அப்பால் இருக்கிறது. இடையில் உள்ள பம்பும் காய்ந்தே இருக்கிறது. காய்ந்த பம்பின் பற்கள் காற்றைத்தான் அரைக்கும், ஒயிலை இழுக்கா.

பெயாரிங்கில் என்ன நிகழ்கிறதென்பதை உலகம் அறிந்ததே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1883 அளவில் இங்கிலாந்தில் பூஷாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சுத் தாங்கியொன்றின் மேல் ஒயில் விடத் துளையிட்டார். அச்சு சுழன்றபோது அத்துளை வழியாக ஒயில் மேலே வந்தது. தக்கையை அடைத்தார், அதைத் தள்ளிவிட்டது. மரமுளையை அறைந்தார், அதுவும் நிற்கவில்லை. சுழலும் அச்சு தானே ஒயிலை அழுத்தி அதன்மேல் மிதக்கிறது என்பது அப்போது புலப்பட்டது. 1886இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். அந்த மெல்லிய படலம் இல்லாத முதற் சில நொடிகளிலேயே உலோகத்தோடு உலோகம் உரசி, புதிய பெயாரிங் பழையதாகிவிடும். (நம் வண்டிக்காரர்கள் இந்தக் கணிதத்துக்கு முன்பே அச்சுக்கு மசகு பூசினர். அந்தச் சொல்லை எங்கள் பத்திரிகைகள் ‘மசகு எண்ணெய்’ என்று நிலத்தடிக் கச்சா எண்ணெய்க்குக் கொடுத்துவிட்டது வேறு கதை.)

நான் பார்த்த நல்ல மெக்கானிக்குகள், பூட்டும்போதே ஒவ்வொரு பெயாரிங்கிலும் ஒயில் தடவுவார்கள். பம்பின் பற்களுக்கிடையே வாசலினை அடைப்பார்கள். வாசலின் காற்றிடைவெளியை அடைத்து உறிஞ்சலைத் தொடக்கிவைக்கும். பிறகு ஒயிலோடு கரைந்துவிடும். இந்த இடத்தில் கிறீஸ் வைப்பவரை நான் நம்பமாட்டேன், அது எளிதில் கரையாது.

அதன்பின் ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றிவிட்டு, முன்னால் ஹான்டில் போட்டுச் சுற்றுவார்கள். பிளக் இல்லாததால் அமுக்கம் இராது; கைக்கும் இலேசு, பெயாரிங்குக்கும் பாரமில்லை. அமெரிக்க வி8 எஞ்சின்கள் பலவற்றில் டிஸ்ரிபியூட்டரை எடுத்துவிட்டு மின் துரப்பணத்தால் பம்பை மட்டும் சுழற்றலாம். மொறிஸ் மைனரில் அது முடியாது. பம்பு காம் தண்டின் பின்முனையில் இருக்கிறது. காம் தண்டு கிராங்கின் பாதி வேகத்திலேயே சுழலும். ஆகவே கை இருமடங்கு சுற்ற வேண்டும். மின்சாரமில்லாத, பற்றறி அரிதான யாழ்ப்பாணத்தில் இதற்கு முறைவைத்து ஆட்கள் நின்றார்கள்.

அழுத்தமானி உள்ள கார் என்றால் முள் அசையும்வரை சுற்றுவது. மைனர்கள் பலவற்றில் எச்சரிக்கை விளக்குத்தான் உண்டு. ஆகவே அழுத்தம் எடுக்கும் இடத்திலுள்ள இணைப்பைச் சற்றே தளர்த்தி, முதலில் குமிழும் பிறகு முழு ஒயிலும் வருவதைக் கண்ணால் பார்ப்பார்கள். அந்த ஒயிலையும் கிண்ணத்தில் ஏந்தி மீண்டும் ஊற்றுவார்கள்; அன்றைய விலையில் அது சிந்துவதற்குரியதன்று. ஒயில் வராவிட்டால் எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் பிளக் போடமாட்டார்கள்.

எழுப்பிய பின்பும் ஒரு கட்டம் உண்டு. புதிய காம் தண்டு போட்டிருந்தால் எஞ்சினை மெதுவாக முனகவிடக்கூடாது. காமின் முனைகளுக்கு ஒயில் பெருமளவு தெறித்துத்தான் சேரும். அதற்குச் சிறிது வேகம் வேண்டும். உரிமையாளர்கள் பயந்து காலை எடுப்பார்கள், மெக்கானிக் அதட்டுவார். அப்படிப் பூட்டப்பட்ட கார்களிற் சில, 2009இல் போர் முடிந்த பின்னும் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன.