‘யோக்’: ஓர் ஆங்கிலச் சொல்லின் சமூக வரலாறு

சொல்லின் பிறப்பை ஆராய்வோர் பெரும்பாலும் ஒலியின் வரலாற்றோடு நின்றுவிடுகின்றனர். அச்சொல்லை வழங்கியோர் யாவர், அவர்தம் உற்பத்தி வாழ்க்கை எத்தகையது, எவ்வதிகாரம் அச்சொல்லைத் திருத்த முயன்றது என்னும் வினாக்கள் அவர்தம் கவனத்தைப் பெறுவதில்லை. முட்டையின் மஞ்சட்கருவைக் குறிக்கும் ‘யோக்’ என்னும் ஆங்கிலச் சொல்லை இவ்வினாக்களின் ஒளியில் நோக்குவது பயன்தரும்.

இச்சொல்லின் மூலம் ஐயத்துக்கு இடமற்றது. பழைய ஆங்கிலத்தில் மஞ்சள் நிறத்தைக் குறித்த சொல்லிலிருந்து ‘யெயொல்கா’, ‘யெயொலொகா’ என்னும் வடிவங்கள் தோன்றின. ‘மஞ்சளானது’ என்பதே இவற்றின் பொருள். எழுத்தில் ககரத்துக்குரிய உரோம எழுத்தால் தொடங்கிய இவை, பேச்சில் யகர ஒலியோடு வழங்கின. இவற்றின் அடிவேர் பொன்னைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும், வடமொழியின் ‘ஹரி’, ‘ஹிரண்ய’ என்பனவற்றுக்கும் பொதுவானது. ஆயின் எல்லா மக்களும் நிறத்தைக் கொண்டே இதற்குப் பெயரிட்டனர் என்பதற்கில்லை. இலத்தீனில் இதற்கு வழங்கிய ‘விதெல்லுஸ்’ என்பது ‘சிறு கன்று’ எனவும் பொருள்படும். அதாவது முட்டைக்குள் வளரும் உயிரை உரோமர் முன்னிறுத்தினர்; கண்ணுக்குத் தெரிந்த நிறத்தை ஆங்கிலேயர் முன்னிறுத்தினர்.

1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர் ஆட்சி, நீதி, பிரபுக்களின் வாழ்க்கை ஆகிய துறைகளில் பிரெஞ்சுமொழி மேலோங்கியது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் பன்றிக்கும் ஆங்கிலப் பெயர்கள் நிலைக்க, அவற்றின் இறைச்சிக்குப் பிரெஞ்சுப் பெயர்கள் வந்தமை பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. இப்பாகுபாடு இடைக்காலத்தில் அத்துணைத் தெளிவாக இருக்கவில்லை என்பதும், பிற்காலத்திலேயே உறுதிப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கன. எவ்வாறாயினும், முட்டைக்கு அத்தகைய இரட்டைப் பெயர் ஏற்படவில்லை. நிலமானிய அமைப்பில் குடியானவர் உயிர்த்த ஞாயிறுக் காலத்தில் தம் பிரபுவுக்கு முட்டைகளைத் திறையாகச் செலுத்துவது வழக்கம். முட்டை மாளிகைக்குச் சென்றது. மஞ்சட்கருவின் பெயரோ குடியானவர் வழங்கிய பெயராகவே நிலைத்தது.

இங்கு ஒரு முரண்பாட்டைக் காணலாம். உள்ளீட்டின் பெயர் நிலைத்திருக்க, முட்டையின் பெயர் மாறியது. ‘ஐ’ என்பதையொத்த பழைய ஆங்கிலச் சொல்லை, ஒன்பதாம் நூற்றாண்டு முதல் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்கண்டிநேவியரின் ‘எக்’ என்னும் சொல் காலப்போக்கில் வெளியேற்றியது. இம்மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த நிலையை வில்லியம் காக்ஸ்டன் 1490 இல் அச்சிட்ட ‘எனெய்டோஸ்’ நூலின் முன்னுரை காட்டுகிறது. தேம்ஸ் நதிவழிக் கடல் கடக்கப் புறப்பட்ட வணிகருள் ஒருவர், கரையிலிருந்த வீடொன்றில் ‘எக்ஸ்’ வேண்டுமெனக் கேட்டார். தனக்குப் பிரெஞ்சு தெரியாதென அவ்வீட்டுப் பெண் விடையளித்தாள். பிரெஞ்சு அறியாத வணிகர் சினங்கொண்டார். மற்றொருவர் ‘ஐரன்’ எனப் பழைய பன்மைச் சொல்லால் கேட்டபின்னரே அவள் விளங்கிக்கொண்டாள். எச்சொல்லை எழுதுவது எனக் காக்ஸ்டன் எழுப்பிய வினா ஓர் இலக்கண ஆசிரியரின் வினா அன்று. பல வட்டாரங்களிலும் நூலை விற்கவேண்டிய வணிகரின் வினா. அச்சும் வர்த்தக மூலதனமுமே பொதுமொழியொன்றை வேண்டிநின்றன.

பொதுமொழி உருவாகியபின் அதனைக் காப்போரும் தோன்றினர். மஞ்சட்கருவின் பெயர் ‘யெல்க்’, ‘யோல்க்’ என இரு வடிவங்களில் வழங்கிவந்தது. 1755 இல் வெளிவந்த தமது அகராதியில் சாமுவேல் ஜோன்சன் ‘யெல்க்’ என்பதையே தலைச்சொல்லாக்கினார். ஆயினும் பேச்சில் மற்றைய வடிவமே பொதுவானது எனவும் குறித்தார். 1828 இல் அமெரிக்கரான நோவா வெப்ஸ்டர் ‘யெல்க்’ என்பதே முறையான சொல் எனத் தீர்ப்பளித்தார். மஞ்சளைக் குறிக்கும் சொல்லோடு எழுத்தில் நெருங்கி நிற்பது அவ்வடிவமே. ஆயினும் நிலைத்தது மக்கள் வாயில் வழங்கிய ‘யோல்க்’. நாளடைவில் லகர மெய்யும் ஒலியிழந்து ‘யோக்’ ஆயிற்று.

இவ்வொலி மாற்றமே தவறான சொற்பிறப்பு விளக்கங்களுக்கும் வழிசெய்கிறது. எருதின் கழுத்தில் பூட்டும் நுகத்தடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ‘யோக்’ என்றே ஒலிக்கும். ஆயின் அது ‘இணைத்தல்’ என்னும் பொருளுடைய வேறொரு வேரிலிருந்து வந்தது. வடமொழி ‘யுக’ அதற்கு உறவு. செம்மறியாட்டு மயிரிலுள்ள இயற்கைக் கொழுப்பையும் ஆங்கிலேயர் ‘யோக்’ என்பர். மஞ்சள் நிறம் நோக்கி இட்ட பெயரென எவரும் எண்ணக்கூடும். உண்மையில் அது பெண் செம்மறியைக் குறிக்கும் பழஞ்சொல்லோடு தொடர்புடையது. பின்னர் முட்டைச் சொல்லோடு கலந்து ஒரே எழுத்துவடிவைப் பெற்றது. ஒலி ஒன்றாயிருப்பது பிறப்பு ஒன்றென்பதற்குச் சான்றாகாது. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு மொழிகளின் தொன்மையை நிறுவ முற்படும் நம்மவரும் இதனைக் கருத்திற்கொள்ளல் நன்று.

பிறப்பால் முறையானதே வழக்காலும் முறையானது என்னும் கொள்கையும் இதனால் வலுவிழக்கிறது. நமது ‘மஞ்சட்கரு’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அம்மஞ்சட் பகுதி பெரும்பாலும் உணவுச் சேமிப்பே. கரு தோன்றுவது அதன் மேற்பரப்பிலுள்ள சிறு வட்டத்திலேயே. அதனாற் சொல் பிழையென்று எவரும் அதனைக் கைவிடார். சொல்லுக்கு வாழ்வளிப்பது அதனைக் கொண்டு வாழ்வை நடத்தும் மக்களின் கூட்டு வழக்கேயாகும். அகராதியாசிரியர் அவ்வழக்கைப் பதிவுசெய்யலாம். அதற்கு ஆணையிட முடியாது.