ஏடு திறந்தது, எழுதப்போவது யார்?

வரலாறு என்பது நிகழ்ந்தவற்றின் தொகுப்பு மட்டுமன்று. நிகழ்ந்தவற்றுள் எவை எழுதப்பட்டன, எவரால் எழுதப்பட்டன என்பனவும் வரலாற்றின் பாற்பட்டனவே. மலையகத் தமிழர் இவ்வுண்மையைத் தம் வாழ்வாலே அறிந்தவர். ஒன்பது சிகரங்கள் எனப் பொருள்படும் பெயரைத் தாங்கிய நமுனுகுல மலையின் சரிவுகளிலே காட்டை அழித்துத் தோட்டங்களை ஆக்கியவர் அம்மக்களின் முன்னோர். ஆயினும், தோட்டத்துச் செக்ரோல் அவர்தம் பெயரையும் வேலை நாளையும் பதிந்ததேயன்றி வாழ்வைப் பதியவில்லை. 1921 இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறை அவர்தம் கடனைப் பதிந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர், வாக்குரிமையும் பறிபோயிற்று. எழுதியோர் பிறர்; எழுதப்பட்டோர் இவர்.

இப்பின்னணியிலேயே இணையத்தில் நேர்ந்த மாற்றத்தை நாம் நோக்குதல் வேண்டும். டிம் பேர்ணர்ஸ்-லீ ஆக்கிய வலை 1991 இல் வெளியுலகுக்குத் திறந்துவிடப்பட்டது. அவரது முதல் உலாவி படிப்பதற்கு மட்டுமன்றி எழுதுவதற்கும் உரியதாயிருந்தது. ஆனாற் பின்னர்ப் பரவிய உலாவிகள் படிக்கும் கருவிகளாகவே அமைந்தன. எழுதுவோர் சிலரும் படிப்போர் பலருமாகிய பழைய ஒழுங்கே மீண்டது. 1995 இல் வார்ட் கன்னிங்ஹாம் எவரும் திருத்தக்கூடிய பக்கங்களை அமைத்து, விரைவு எனப் பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லால் அதற்கு 'விக்கி' எனப் பெயரிட்டார். 2001 இல் விக்கிப்பீடியா தோன்றியது. 2004 இன் பின் 'வெப் 2.0' என்ற பெயர் பரவியபோது, படிப்பவனே எழுதுபவனுமாவான் என்னும் கருத்து நிலைபெற்றது.

தமிழர் இம்மாற்றத்திற் பின்தங்கி நிற்கவில்லை. சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியால் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பல நாடுகளிலுள்ள தொண்டர்கள் இலக்கியங்களைத் தட்டெழுதியும் பிழை திருத்தியும் ஊதியமின்றி அளித்தனர். அக்காலத்தில் எழுத்துருக்கள் ஒன்றோடொன்று பொருந்தாமையால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதே அரிதாயிருந்தது. ஒருங்குறி பரவிய பின்னரே அத்தடை நீங்கியது. 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா உருவாயிற்று. ஐக்கிய அரபு இராச்சியத்திற் பணிபுரிந்த ஈழத்துக் கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் அதன் தொடக்கத்திலேயே அடித்தளமிட்டு, பல்லாயிரங் கட்டுரைகள் எழுதினார். 2017 இல் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைத் தாண்டின. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட சமுதாயம், 2005 இல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தைத் தோற்றுவித்தமை இயல்பே.

கதவு திறந்துவிட்டது என்பது உண்மை. எனினும், திறந்த கதவால் அனைவரும் நுழைந்துவிட்டனர் எனக் கருதலாகாது. விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம். ஆனால் எழுதியதற்கு வெளியிடப்பட்ட நம்பகமான சான்று வேண்டும். பொய்யைத் தடுக்க இவ்விதி இன்றியமையாதது. ஆயினும், ஏட்டிலே இடம் மறுக்கப்பட்ட மக்களுக்கு அதுவே இரண்டாவது வேலியாகிறது. தோட்டத்துரையின் நினைவுக் குறிப்பு அச்சேறியது, அது சான்றாகும். லயத்துத் திண்ணையிற் பாட்டி சொன்ன கதை அச்சேறவில்லை, அது சான்றாகாது. தோட்டங்களுக்குத் தொழிலாளர் தாமே இட்டு வழங்கிய தமிழ்ப் பெயர்கள் பல இவ்வாறே ஏட்டுக்கு வெளியே நிற்கின்றன. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய நாட்டார் பாடல்கள் நூலாக வெளிவந்தமையாலன்றோ இன்று நாம் அவற்றை மேற்கோள் காட்ட முடிகிறது!

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. குடும்பங்கள் பிரிந்தன, அவற்றோடு நினைவுகளும் பிரிந்தன. நமுனுகுலவில் ஒரு பாதியும் நீலகிரியில் மறுபாதியுமாய்க் கிடக்கும் வரலாற்றை எந்தத் தனியொருவராலும் எழுதவியலாது. பலர் கூடி, ஒருவர் எழுதியதை மற்றவர் நிரப்பும் முறையே அதற்கு ஏற்றது. முகநூல் போன்றவற்றில் எழுதுவதும் எழுத்தே. எனினும் அங்கு இடுவன சில நாட்களில் அமிழ்ந்துவிடுகின்றன. அவற்றைப் பேணும் பொறுப்பும் நிறுவனங்களின் கையிலேயே உள்ளது. பொதுமையில் வைத்ததே நிலைக்கும்.

ஆகவே, பல்கலைக்கழகத்துட் புகுந்த மலையக மாணவரின் முதற்கடன் சான்றுகளை ஆக்குவதாகும். முதியோர் கூற்றுகளை ஒலிப்பதிவு செய்தலும், பழைய துண்டுப்பிரசுரங்களையும் விழா மலர்களையும் மின்வருடி நூலகத்திற் சேர்த்தலும், ஆய்ந்து கட்டுரையாக வெளியிடுதலும் நம்மால் இயலாதனவல்ல. செக்ரோலிற் பேரன் பெயரைப் பிறர் எழுதிய காலம் போயிற்று. இனி எழுதாதுவிடின், அக்குறை பிறருடையதன்று.