மாத்தளை மலைப்பாதையில் ஒரு பெருஞ்சக்கர வண்டி

அரசியலையே எழுதிக்கொண்டிருப்பவனுக்குச் சைக்கிளைப் பற்றி எழுத என்ன வந்தது என்று இந்தப் பக்கத்துக்கு வழமையாக வரும் நண்பர்கள் கேட்கக்கூடும். கனடாவில் வாழும் என் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த மலைச் சைக்கிள் ஒன்றை மாத்தளையில் உறவினர் வீட்டில் விட்டுச் சென்றிருந்தான். அண்மையில் அங்கு சென்றிருந்த நான், பிறர் தடுத்தும் கேளாமல், மூன்று நாட்கள் அதை ஓட்டினேன். முழங்கால் வலி இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த மூன்று நாட்களில் நினைவுக்கு வந்தவை சைக்கிளோடு நின்றுவிடவில்லை.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தொன்பது அங்குலச் சக்கரங்கள். முன்னால் அதிர்வு தாங்கும் கவை உண்டு. பின்பக்கம் எந்த அதிர்வு தாங்கியும் இல்லாத விறைத்த சட்டகம். இவ்வகை வண்டியை ஹார்ட்டெயில் என்கிறார்கள். முன்பக்கம் கைகளைக் காப்பாற்றும், பின்பக்கம் முதுகைத் தண்டிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், பின்னால் பத்து. பிரேக்கை ஒரு விரலால் தொட்டால் போதும், வண்டி நின்றுவிடும்.

இந்தப் பெரிய சக்கரத்தை அண்மைக்காலப் புதுமை என்று மருமகன் பெருமையோடு சொன்னான். எனக்கோ அதைப் பார்த்ததும் என் தந்தையின் றலி சைக்கிள்தான் நினைவுக்கு வந்தது. பிறகு அளவுகளைத் தேடிப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. இருபத்தொன்பது அங்குலம் என்று சொல்லப்படும் இந்தச் சக்கரத்தில் டயர் அமரும் விட்டம் 622 மில்லிமீட்டர். இங்கிலாந்து தன் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் அனுப்பிய இருபத்தெட்டு அங்குலப் பழைய சைக்கிளில் அதே அளவு 635 மில்லிமீட்டர். அதாவது வளையத்தை மட்டும் பார்த்தால் என் தந்தையின் சக்கரம்தான் பெரியது! புதிய வண்டியின் டயர் தடித்தது என்பதால் மொத்த உயரத்தில் அது முந்திக்கொள்கிறது.

இடையில் சக்கரம் சிறுத்ததற்கு ஒரு கதை உண்டு. 1970களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள் சிலர் பழைய ஷ்வின் சைக்கிள்களை மலையுச்சிக்குக் கொண்டுபோய் மண் பாதைகளில் கீழே ஓட்டி விளையாடினார்கள். 1976-இல் அதைப் பந்தயமாகவே நடத்தத் தொடங்கினார்கள். ஷ்வின் நிறுவனம் 1933-இல் அறிமுகப்படுத்திய தடித்த டயர் இருபத்தாறு அங்குலச் சக்கரத்துக்கு உரியது. பழைய பொருள் கடையில் அகப்பட்டது அதுதான். ஆகவே உலகெங்கும் மலைச் சைக்கிளின் அளவும் அதுவே ஆயிற்று. ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை. 1999-இல் பெரிய வளையத்துக்கு ஏற்ற தடித்த மலை டயர் ஒன்று வெளிவந்த பிறகுதான் பெருஞ்சக்கரம் திரும்பி வந்தது. தொழில் வரலாற்றில் தற்செயலுக்கு இருக்கும் இடத்தை நாம் போதிய அளவு மதிப்பதில்லை.

முதல் நாள் இறத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் நோக்கி ஏறினேன். மாத்தளை நகரிலிருந்து அந்தக் கணவாய் வரை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். தார் போட்ட ஒடுங்கிய வீதி, கொண்டை ஊசி வளைவுகள், திடீரென்று மூடும் மூடுபனி. பெரிய சக்கரத்தின் குறை ஏற்றத்தில்தான் தெரிகிறது. நின்ற நிலையிலிருந்து அதைச் சுழற்றத் தொடங்குவது கடினம். கூர்மையான வளைவில் வண்டி நீளமாக இருப்பதால் அகலமாகத் திரும்ப வேண்டும். உருளத் தொடங்கிவிட்டால் வேகத்தை எளிதில் இழப்பதில்லை. ஐம்பதைக் கடந்தவனுக்கு இந்தக் குணம் ஏற்றது. உச்சியில் காற்று என்னையும் வண்டியையும் சேர்த்துத் தள்ளியது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கணவாயைக் கடந்தேன், வெட்கப்படவில்லை.

இரண்டாம் நாள் தார் வீதியை விட்டுத் தோட்டத்துக் கல் பாதைகளில் இறங்கினேன். அங்கேதான் பெருஞ்சக்கரத்தின் நியாயம் புரிந்தது. ஒரு கல் எதிர்ப்படும்போது சிறிய சக்கரம் அதன் மேல் முட்டிக்கொண்டு ஏறும். பெரிய சக்கரம் அதே கல்லைத் தாழ்ந்த கோணத்தில் தொடுவதால் தழுவிக்கொண்டு போய்விடும். குழிகளிலும் அவ்வாறே, முழுவதும் விழுமுன் மறுகரையைப் பிடித்துவிடுகிறது. காற்றைச் சற்றுக் குறைத்துவிட்டால் டயர் கல்லின் வடிவத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஆனால் பின்பக்கம் வரும் ஒவ்வொரு அடியும் நேரே இடுப்பில் விழும். இருக்கையிலிருந்து எழுந்து முழங்கால்களை மடித்து நின்று ஓட்டவேண்டும் என்பதை அரை மணி நேரத்தில் உடம்பே கற்றுக்கொண்டது.

அந்தக் கற்களைப் பார்த்தபோது, இவற்றை இங்கு அடுக்கியவர்கள் யார் என்ற எண்ணம் எழாமல் இல்லை. மாத்தளையின் வரலாறு பெரும்பகுதி வீதியின் வரலாறுதான். 1848-இல் ஆங்கில அரசு கொண்டுவந்த சட்டத்தின்படி உடல் வலிமையுள்ள ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்யவேண்டும். இல்லையேல் மூன்று ஷில்லிங் கட்டவேண்டும். நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி வந்த அதே ஆண்டு அது. கோப்பித் தோட்டத்துக்குப் போகும் வீதியைத் தன் வயலை விட்டு வந்து ஏன் போடவேண்டும் என்று கண்டிச் சிங்கள விவசாயி கேட்டான். அவ்வாண்டு ஜூலையில் கொங்காலேகொட பண்டாவுக்குத் தம்புள்ளையில் முடி சூட்டப்பட்டது. கிளர்ச்சியாளர்கள் மாத்தளைக் கச்சேரிக்குள் புகுந்து வரிப் பதிவேடுகளை அழித்தார்கள். ஆகஸ்ட் 8-ஆம் நாள் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான்.

அதே ஆண்டுகளில் அதே மாத்தளைக்கு வேறொரு கூட்டமும் வந்துகொண்டிருந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை என்று ஏறத்தாழ 150 மைல் காட்டு வழியே கால்நடையாக வந்த நம்மவர்கள். காலராவும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் ஆட்களை விழுத்தின. அன்றைய ஆங்கிலப் பத்திரிகைகளிலேயே அது விவாதப் பொருளாக இருந்தது. உயிரோடு எஞ்சியவர்கள் மலைநாட்டுக்குள் கால் வைத்த வாசல் மாத்தளை. புகையிரதம் இந்நகருக்கு வந்தது 1880-இல். அதற்குள் கோப்பியை இலைநோய் தின்னத் தொடங்கியிருந்தது. கட்டாய வேலையை மறுத்தவனின் பெயரைச் சிலையாக நிறுத்தியிருக்கிறோம். அது சரியே. வீதியோரத்தில் விழுந்தவர்களுக்குப் பெயரும் இல்லை.

சைக்கிளுக்கும் இவர்களுக்கும் இன்னொரு உறவும் உண்டு. டன்லொப் 1888-இல் காற்றடைத்த டயரைச் செய்தபின் சைக்கிள் உலகெங்கும் பரவியது. அதற்கான இறப்பர் முதலில் அமேசன், கொங்கோ காடுகளிலிருந்து இரத்தம் தோய்ந்து வந்தது. கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொட தோட்டத்தில் 1876-இல் நடப்பட்ட கன்றுகளின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார்க் காரின் வருகையோடு விலை பெற்றன. மாத்தளையின் தாழ்ந்த சரிவுகளில் கொக்கோவோடு இறப்பரும் ஏறியது. விடியற்காலையில் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள் கால்நடையாகவே வேலைக்குப் போனார்கள். சைக்கிள் அவர்களுடையது அல்ல.

தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் உத்தியோகத்தர்கள். என் தந்தை கணக்கப்பிள்ளை. கம்பி பிரேக் பூட்டிய கறுப்பு றலி. மழைநாளில் அந்தப் பிரேக்கை நம்பி இறக்கத்தில் வந்த துணிச்சலை இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது. என்னை முன் தண்டில் உட்கார்த்திக்கொண்டு போவார். ஓரிடத்தில் வழக்கமாக இறங்கிவிடுவார், என்னையும் இறக்கிவிடுவார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளிச் சென்று, கொஞ்சத் தூரம் போனதும் மறுபடி ஏறுவார். ஏன் என்று கேட்டபோது, “ஏத்தம்டா, இறங்கித்தான் ஆகணும்” என்றார். துரை பங்களாவின் முன்னால் எவரும் சைக்கிளில் இருந்தபடி போகக்கூடாது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. 1975-இல் தோட்டங்கள் அரசுடைமையாகின. துரையின் நிறம் மாறியது. அந்த வழக்கம் உடனே மாறவில்லை.

மூன்றாம் நாள் அந்த இடத்தைத் தேடிப் போனேன். பங்களாவின் கூரை இடிந்து, முன்வாசலில் மரம் முளைத்திருக்கிறது. பாதை மட்டும் அப்படியே இருக்கிறது. இருக்கையில் அமர்ந்தபடி, கியர் எதையும் மாற்றாமல், அந்த ஐம்பது அறுபது அடியை ஓட்டிக் கடந்தேன். திரும்பி வந்து மறுபடியும் ஓட்டினேன். ஏற்றம் ஏதும் இல்லை. சமதரை.

கீழே இறங்கும் வழியில் வேகம் பிடித்திருந்தது. வளைவு ஒன்றைத் திரும்பியபோது விறகுக் கட்டோடு ஒரு மூதாட்டி எதிரே வந்துகொண்டிருந்தார். டயரின் இரைச்சல் கேட்டதும் காணுக்குள் இறங்கி, மண்சரிவோடு ஒட்டி நின்றுகொண்டார். பிரேக்கைப் பிடித்தேன். வண்டி சறுக்கி அவருக்கு ஐந்தடி முன்னால் நின்றது.

“போங்க தொரை, நான் ஒதுங்கிக்கிட்டேன்” என்றார்.

நான் இறங்கினேன். துரை இல்லை அம்மா, கீழ்க்கணக்குக் கணக்கப்பிள்ளையின் மகன் என்று தந்தையின் பெயரைச் சொன்னேன். நெற்றியில் கை வைத்து என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சைக்கிளைப் பார்த்தார்.

“அவரு சைக்கிளு கறுப்பால்ல இருக்கும்” என்றார்.

விறகுக் கட்டை வண்டியின் மேல் வைத்துத் தருமாறு கேட்டேன். முதலில் மறுத்தார். பின்னர் சம்மதித்தார். இந்த வண்டிக்குப் பின்னால் கரியர் கிடையாது. கட்டைக் கைப்பிடிக்கும் இருக்கைக்கும் குறுக்கே கிடத்தி ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். லயம் வரை தள்ளிக்கொண்டு போனோம். கரியர் இல்லாத சைக்கிளை எதற்குச் செய்கிறார்கள் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.