கார்த்தேஜ் நாயும் சபர்மதிக் கன்றும்

எங்கள் வீட்டு ஜிம்மிக்கு வயது 13. நாட்டு நாய்க்கும் ஏதோ ஒரு சடை நாய்க்கும் பிறந்தவன். ஒன்றரை வருடமாகப் பின்னங்கால் இரண்டிலும் மூட்டுவாதம். காலையில் எழுந்து நிற்க மூன்று முறை முயற்சி செய்வான். நான்காவது முறை அப்பா போய் இடுப்பைத் தாங்கிப் பிடிப்பார். போன மாதம் மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம் (தூக்கிப் போனோம் என்பதே சரி). டாக்டர் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, "மாத்திரையைக் குடுங்க. ஆனா வீட்ல எல்லாரும் உக்காந்து யோசிக்க ஆரம்பிச்சிடுங்க" என்றார். எதைப் பற்றி என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அன்று இரவு வீட்டில் சண்டை. அவன் வலியில் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை, ஊசி போட்டுவிடலாம் என்றார் அப்பா. அம்மா பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். "வாயில்லா ஜீவனைக் கொன்ன பாவம் ஏழு ஜென்மத்துக்கும் விடாதுடா" என்றார் பாட்டி. என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. நான் வரலாறு படிக்கிற மாணவன். நமக்கு முன்னால் இந்த இடத்தில் யாராவது நின்றிருப்பார்களே என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது ஓர் எலும்புக்கூடு. இன்றைய துனீசியாவில், பழைய கார்த்தேஜ் நகரத்தின் யாஸ்மினா என்ற இடத்தில் ரோமானியர் காலத்து இடுகாடு ஒன்று இருக்கிறது. அங்கே கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு புதைகுழியில், இளவயதில் இறந்துபோன ஒருவரின் காலடியில், மடியில் வைத்துக் கொஞ்சும் அளவுக்குச் சிறிய நாய் ஒன்றையும் புதைத்திருந்தார்கள். நாயின் தோளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணம். மைக்கேல் மெக்கினன், கைல் பெலாங்கர் என்ற இருவர் அதன் எலும்புகளை ஆராய்ந்து 2006-இல் எழுதியிருக்கிறார்கள். நல்ல கிழட்டு நாய். மூட்டுகளில் வாதம், இடுப்பு மூட்டு நழுவியிருந்தது, முதுகெலும்பிலும் கோளாறு. பற்கள் பல விழுந்துவிட்டதால் மெல்லவே முடிந்திருக்காது.

இப்படிப்பட்ட நாய் தானாக இரை தேடிப் பிழைத்திருக்க வழியே இல்லை. யாரோ ஒருவர் அதற்கு உணவை மசித்துக் கொடுத்திருக்கிறார். தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, நீண்ட காலம். அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் 1700 வருடங்களுக்கு முன் அவர் என்ன வேலை செய்தார் என்பதை அந்த நாயின் எலும்பு காட்டிக் கொடுத்துவிட்டது.

வலியில்லாமல் கொல்லும் முறை வந்தது மிகவும் பிற்காலத்தில். 1884-இல் லண்டனின் பேட்டர்ஸீ நாய்கள் காப்பகத்தில், பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் வடிவமைத்த விஷவாயு அறை ஒன்று அமைக்கப்பட்டது. குளோரோஃபாம் கலந்த வாயுவில் நாய்கள் மயங்கி இறந்துவிடும். அதற்கு முன்பிருந்த முறைகளோடு ஒப்பிட்டால் அது கருணைதான். ஆனால் அங்கே போனவை பெரும்பாலும் யாரும் கேட்டு வராத தெருநாய்கள். இன்று கால்நடை மருத்துவர்கள் போடும் பென்டோபார்பிடால் போன்ற மருந்துகள் புழக்கத்துக்கு வந்தது 1930-களில்தான்.

கருணையான முறை கையில் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் லண்டனே சாட்சி. 1939 செப்டம்பரில் போர் அறிவித்ததும், குண்டு விழும், உணவுக்குப் பஞ்சம் வரும் என்ற பயத்தில் மக்கள் தங்கள் நாய்களையும் பூனைகளையும் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த நகரத்தில் மட்டும் சுமார் 4 லட்சம் பிராணிகள் கொல்லப்பட்டதாகக் கணக்கு. அவற்றில் பெரும்பாலானவை நோயில்லாதவை. லண்டன் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கியதோ அடுத்த வருடம் செப்டம்பரில்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துப் பேசியவர் காந்தி. இது எனக்கே ஆச்சரியம்தான், பாடப்புத்தகத்தில் எங்கும் படித்த நினைவில்லை. 1926-இல் அகமதாபாத்தில் ஒரு மில் முதலாளி, வெறிநாய்க்கடிக்குப் பயந்து 60 தெருநாய்களைக் கொல்ல வைத்தார். ஊரே கொதித்தது. கிழடு தட்டிய மாடுகளையும் நாய்களையும் சாகும்வரை வைத்துக் காப்பாற்றும் பிஞ்சரபோல்கள் நிறைந்த குஜராத் அது (சென்னையிலும் ஒன்று உண்டு). காந்தி அந்த முதலாளியின் பக்கம் நின்று 'யங் இந்தியா'வில் வாரக்கணக்கில் எழுதினார். வசை கடிதங்கள் குவிந்தன.

இரண்டு வருடம் கழித்து, 1928-இல், பிரச்சினை அவர் வாசலுக்கே வந்தது. சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி ஊனமாகிக் கிடந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். புரண்டு படுக்கக்கூட முடியாத வேதனை. காந்தி தனியாக முடிவெடுக்கவில்லை. ஆசிரமத்தாரைக் கூட்டிப் பேசினார். உயிரைக் கொடுக்க முடியாத நமக்கு அதை எடுக்க உரிமை இல்லை என்றார் ஒருவர் (எங்கள் பாட்டியின் கட்சி!). சுயநலத்துக்காகக் கொல்லும்போதுதான் அந்த வாதம் பொருந்தும் என்று காந்தி பதில் சொன்னார். பிறகு ஒரு மருத்துவரை வரவழைத்து, தன் கண் முன்னாலேயே விஷ ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது.

மறைத்திருக்கலாம். மறைக்காமல் பத்திரிகையில் எழுதினார். அதே கட்டுரையில், ஆசிரமத்துப் பயிரை அழித்த குரங்குகளைப் பற்றியும் பேசுகிறார். கன்றைக் கொன்றது கன்றுக்காக, குரங்கைக் கொன்றால் அது நமக்காக, ஆகவே அது இம்சைதான் என்று பிரித்துக் காட்டுகிறார். பின்னர் எதிர்ப்புகளுக்குப் பதில் எழுதும்போது நான்கு நிபந்தனைகளையும் வைத்தார். நோய் தீராததாக இருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட எல்லோரும் நம்பிக்கை இழந்திருக்க வேண்டும். எந்தப் பணிவிடையும் பயன்படாத நிலையாக இருக்க வேண்டும். தன் விருப்பத்தைச் சொல்ல முடியாத நிலையில் அந்த உயிர் இருக்க வேண்டும்.

இந்த நான்கையும் ஜிம்மிக்குப் பொருத்திப் பார்த்தேன். முதலாவது சரி, மூட்டுவாதம் தீராது. நான்காவதும் சரி. இரண்டாவதில் வீடு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மூன்றாவதில்தான் மாட்டிக்கொண்டேன். கன்றுக்கு யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. மூட்டுவாதம் அப்படி இல்லை. அது நாயை ஒரேயடியாகக் கொல்லாது, 'இன்றோடு முடிந்தது' என்று ஒரு நாளைக் காட்டிக் கொடுக்கவும் செய்யாது. தூக்கிவிட ஆள் இருக்கும்வரை பணிவிடைக்கு இடம் இருந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால் முடிவு நாயின் காலில் இல்லை, தூக்குகிறவரின் முதுகில் இருக்கிறது. அப்பாவுக்கு வயது 54, அவருக்கும் இடுப்பு வலி உண்டு. அவர் சோர்ந்துபோய் ஊசியைக் கேட்டால், அது கன்றின் கணக்கா, குரங்கின் கணக்கா? அவரிடம் இதைக் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

மருந்துகள் இந்தக் காலத்தை இன்னும் நீட்டிவிட்டன. 1990-களின் பிற்பகுதியில் கார்ப்ரோஃபென் மாத்திரை அமெரிக்காவில் நாய்களுக்கென்றே வந்தது. ஜிம்மிக்கும் அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். (தயவுசெய்து நாம் சாப்பிடும் ஐபுபுரூஃபன், பாரசிட்டமாலை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். வயிற்றுப் புண்ணும் ஈரல் பாதிப்பும் வரும்.)

2004-இல் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். 35-க்கு மேல் இருந்தால் இப்போதைக்குப் பராமரிப்பைத் தொடரலாம். பரீட்சை மாதிரி இருக்கிறதே என்று முதலில் சிரித்தேன். பிறகு அப்பாவிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகத் தாள் கொடுத்தேன். ஒரே நாய், ஒரே சாயங்காலம். அப்பா 33 போட்டார், அம்மா 41. நடமாட்டத்துக்கு மட்டும் அப்பா 3, அம்மா 6. ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, "நாம தூக்கினா வெளிய போறான்ல?" என்றார் அம்மா.

இப்போது ஞாயிறுதோறும் இருவரும் தாளில் எழுதுகிறார்கள், நான் சராசரி எடுத்து நோட்டில் குறிக்கிறேன். முதல் வாரம் 37. நேற்று 36. ராத்திரி தயிர் சாதத்தை நன்றாகக் குழைத்து வைத்தேன். தட்டை நக்கி முடித்துவிட்டு வாலை ஆட்டினான், படுத்தபடியே.