குழாய்க்கு முந்தைய கேள்விகள்: எம்.பி.எஸ். நோயாளிகளின் மூச்சுப்பாதையும் மயக்க மருத்துவமும்

முன்னுரை

நோயாளியின் மூச்சுப்பாதை கைகொடுக்காத நேரத்துக்கென்று மயக்க மருத்துவம் ஓர் ஒழுங்கை வகுத்து வைத்திருக்கிறது. முதலில் முகமூடி வழியாகக் காற்று. அடுத்து லாரிஞ்சோஸ்கோப் வைத்து மூச்சுக்குழாயில் டியூப். அது முடியாவிட்டால் லாரிஞ்சியல் மாஸ்க். எல்லாம் தவறினால், கழுத்தின் முன்புறத்தைத் திறந்து நேரே மூச்சுக்குழாய்க்குள் செல்லும் வழி. ஒவ்வொரு படியும் அடுத்த படி இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. மியூகோபாலிசாக்கரைடோசிஸ், சுருக்கமாக எம்.பி.எஸ்., என்னும் அரிய வளர்சிதை மாற்றத் தேக்க நோய்களில் அந்தக் கடைசிப் படியை நம்ப முடியாது. ஆகவே இந்நோயாளிகளின் பாதுகாப்பு, தியேட்டரில் வெளிப்படும் கைத்திறனைவிட, தியேட்டருக்கு வருமுன் எடுக்கப்படும் முடிவுகளையே பெரிதும் பொறுத்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தேங்கும் நோய்

கனடாவின் வின்னிபெக் நகரில் பணியாற்றிய சார்லஸ் ஹண்டர், 10 வயதும் 8 வயதுமான சகோதரர் இருவரின் நிலையை 1917இல் விவரித்தார். ஈராண்டு கழித்து ஜெர்மனியில் கெர்ட்ரூட் ஹுர்லர் இதையொத்த, இன்னும் கடுமையான வடிவத்தைக் குழந்தைகளிடம் கண்டு எழுதினார். எலும்புகளை முதன்மையாகத் தாக்கும் வடிவத்தை 1929இல் உருகுவே நாட்டு லூயிஸ் மோர்கியோ பதிவுசெய்தார். உயிரணுவுக்குள் கழிவைச் சிதைக்கும் லைசோசோமைக் கிறிஸ்டியன் டி டூவ் 1955இல் அறிவித்த பின்னரே இவற்றின் பொதுவான வேர் தெளிவாகத் தொடங்கியது. கிளைக்கோசமினோகிளைக்கன் எனப்படும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை உடைக்கும் நொதிகளுள் ஏதேனும் ஒன்று பிறவியிலேயே குறைகிறது. உடைபடாத சங்கிலிகள் திசுக்களில் தங்கி, ஆண்டுக்கு ஆண்டு சேர்கின்றன.

இந்தச் சேர்க்கை மூச்சுப்பாதை நெடுகிலும் நிகழ்கிறது. நாக்கு பெருக்கிறது. டான்சிலும் அடினாய்டும் வீங்கித் தொண்டையை அடைக்கின்றன. தாடை மூட்டு இறுகுவதால் வாய் முழுதாகத் திறப்பதில்லை. கழுத்து குறுகுகிறது. குரல்வளை மூடி தடித்துப் போக, அதைச் சுற்றியுள்ள தளர்ந்த சதை மூச்சிழுக்கும்போது உள்ளே விழுகிறது. மூச்சுக்குழாயின் சுவரும் தடித்து, சிலரிடம் குழாயே வளைந்து நெளிந்து போகிறது. வயதுக்கேற்ற அளவுள்ள டியூப் நுழையாமல் சிறிய டியூபைத் தேட வேண்டிவருவது இதனால்தான்.

வகைக்கு வகை வேறுபாடு உண்டு. மூளையை முதன்மையாகத் தாக்கும் சான்ஃபிலிப்போ வகையில் மூச்சுப்பாதைச் சிக்கல் பொதுவாகக் குறைவு. ஹுர்லர், ஹண்டர், மோர்கியோ, மாரட்டோ–லாமி வகைகளில்தான் ஆபத்து குவிந்திருக்கிறது. எனவே 'எம்.பி.எஸ்.' என்ற பெயர் மட்டும் போதாது. எந்த வகை, என்ன வயது என்பவற்றையும் மயக்கவியல் மருத்துவர் அறிந்திருக்க வேண்டும்.

பழைய குறிப்பு தரும் பொய்யான நிம்மதி

குழந்தைக்கு இரண்டு வயதில் குடலிறக்க அறுவை நடந்திருக்கும். 'டியூப் எளிதாகச் சென்றது' என்று அன்றைய மயக்கக் குறிப்பு சொல்லும். ஆறு வயதில் அந்தக் குறிப்பை நம்பி அதே முறையில் தொடங்குவது பெரும் பிழை. பொது மருத்துவத்தில் முந்தைய மயக்கம் நல்லபடியாக முடிந்தது என்பது ஆறுதல் தரும் செய்தி. தேங்கிக்கொண்டே போகும் நோயிலோ அது அன்றைய மூச்சுப்பாதையைப் பற்றிய செய்தி மட்டுமே. இடைப்பட்ட ஆண்டுகளில் நாக்கும் குரல்வளையும் மாறியிருக்கும், கழுத்தெலும்பும் மாறியிருக்கும்.

பழைய குறிப்பு பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. அன்றே கடினமாக இருந்தது என்று குறிப்பு சொன்னால் அது உறுதியான எச்சரிக்கை. எளிதாக இருந்தது என்று சொன்னால் அது உறுதிமொழி ஆகாது. பெற்றோரிடம் கேட்பது இங்கே பெரிய துணை. குறட்டை கூடியிருக்கிறதா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, மல்லாந்து படுக்க மறுக்கிறதா, எந்த நிலையில் தலையை வைத்துத் தூங்குகிறது? இரவெல்லாம் அருகில் விழித்திருக்கும் தாய்க்கு இவை தெரியும்.

கழுத்தில் மோதும் இரு தேவைகள்

மோர்கியோ நோயில் சிக்கல் உச்சத்தை அடைகிறது. இரண்டாம் கழுத்து முள்ளெலும்பின் பல் போன்ற முனை வளர்ச்சி குன்றியிருக்கும். முதல் இரு முள்ளெலும்புகளின் பிணைப்பும் தளர்ந்திருக்கும். தலையை அளவுக்கு மீறி அசைத்தால் தண்டுவடம் நசுங்கலாம். டியூப் செலுத்த வழக்கமாகத் தலையைச் சாய்ப்பது இங்கே ஆபத்து. உதவியாளர் ஒருவர் தலையையும் கழுத்தையும் நேராகப் பிடித்திருக்கவே வேலை நடக்க வேண்டும்.

ஆனால் இதே நோயாளிகளின் மூச்சுக்குழாய் மார்பின் மேல்வாயிலில் இடநெருக்கடியில் வளைந்து, அருகே ஓடும் பெரிய தமனியால் அழுத்தப்படுகிறது. கழுத்தை முன்னே குனித்தால் அது இன்னும் மடங்குகிறது. அதனால்தான் இவர்களுள் பலர் முகத்தை முன்னே நீட்டி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து அமர்கிறார்கள். தங்கள் மூச்சுக்குத் தாங்களே கண்டுகொண்ட வழி அது. மூச்சுக்கு உகந்த நிலையும் தண்டுவடத்துக்கு உகந்த நிலையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த நோயாளி விழித்திருக்கும்போது எந்த நிலையில் கை கால் மரத்துப்போகாமல், மூச்சும் திணறாமல் இருக்கிறார் என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பவரால்தான் இந்த மோதலைத் தீர்க்க முடியும்.

தண்டுவட ஆபத்து டியூப் செலுத்தும் நிமிடங்களோடு முடிவதில்லை. இடுப்பிலோ காலிலோ நடந்த அறுவைக்குப் பிறகு கால்கள் செயலிழந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. முதுகுக் கூனல், நீண்ட நேரம் ஒரே கிடப்பு, இரத்த அழுத்தச் சரிவு மூன்றும் சேர்ந்தால் தண்டுவடத்துக்கு இரத்தம் குறைகிறது. எனவே நீண்ட அறுவைகளில் இரத்த அழுத்தத்தைத் தாழவிடாமல் காப்பதும், நரம்புச் சமிக்ஞைகளைத் தொடர்ந்து கண்காணிப்பதும் மூச்சுப்பாதைத் திட்டத்துக்கு இணையான கடமைகள். ஹுர்லர் நோயில் இதயத் தமனிகளும் உள்ளுக்குள் குறுகியிருக்கலாம். எக்கோ சோதனை சரியாக இருப்பதை வைத்து அந்தத் தமனிகளும் நலம் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

மறுப்புகளும் விடைகளும்

வீடியோ லாரிஞ்சோஸ்கோப் வந்த பிறகு இந்த அச்சம் தேவையா என்று சிலர் கேட்கலாம். அக்கருவி பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. கழுத்தை அதிகம் அசைக்காமலே குரல்வளையைத் திரையில் காட்டுகிறது. ஆனால் காண்பது வேறு, டியூபைக் கடத்துவது வேறு. குரல்வளைக்குக் கீழே குறுகியும் வளைந்தும் கிடக்கும் குழாயை அது அகலமாக்காது. அறுவை முடிந்து டியூபை எடுத்தபின் வீங்கும் சதையையும் அது தடுக்காது. நெருக்கடியில் கழுத்தின் முன்புறம் தேடினால், குறுகிய கழுத்தில் படிவுகளுக்கு அடியில் ஆழமாகக் கிடக்கும் மூச்சுக்குழாய் கைக்குத் தட்டுப்படாமல் போகலாம். டிரக்கியோஸ்டமி செய்ய முடிந்தாலும், அதற்குக் கீழே இன்னொரு குறுக்கம் காத்திருக்கலாம்.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தால் மூச்சுப்பாதையைத் தொடவே வேண்டாமே என்பதும் முழு விடையன்று. ஒத்துழைக்கும் பெரியவருக்குக் கையில் சிறு அறுவை என்றால் நரம்புத் தடுப்பு நல்ல வழி. கூனல் விழுந்த முதுகும் ஒத்துழைக்க இயலாத குழந்தையும் என்றால் நிலை வேறு. பாதியில் மருந்து போதாமல் போனால், ஆயத்தமின்றி அதே கடினமான மூச்சுப்பாதையைக் கையாள நேரிடும்.

மற்றொரு மறுப்பு சிகிச்சையைப் பற்றியது. அமெரிக்காவில் 2003இல் லாரோனிடேஸ், 2005இல் கால்சல்ஃபேஸ், 2006இல் இடர்சல்ஃபேஸ், 2014இல் எலோசல்ஃபேஸ் ஆல்ஃபா என நொதி மருந்துகள் ஒப்புதல் பெற்றன. ஹுர்லர் நோயில் இளம் வயதிலேயே செய்யப்படும் இரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை மூச்சுப்பாதைச் சிக்கலைக் குறைக்கிறது. இவை நம்பிக்கை தரும் முன்னேற்றங்கள். ஆயினும் இரத்தத்தில் செலுத்தும் நொதி குருத்தெலும்புக்கும் எலும்புக்கும் போதிய அளவு சென்று சேர்வதில்லை. ஏற்கெனவே உருமாறிய கழுத்தெலும்பு பழைய நிலைக்குத் திரும்புவதுமில்லை. சிகிச்சையால் நீண்ட நாள் வாழும் நோயாளிக்கு அறுவைகளும் கூடுகின்றன. ஆக, மருந்து வந்தபின் மயக்கவியலின் பொறுப்பு கூடியிருக்கிறதே அன்றிக் குறையவில்லை.

தியேட்டருக்கு முன்

இந்த அறுவை தேவையா, இப்போதே தேவையா என்பதே முதற் கேள்வி. கழுத்தை ஆராயும் எம்.ஆர்.ஐ. சோதனைக்கே குழந்தைக்கு மயக்கம் தேவைப்படும். ஆபத்தை அளக்கும் சோதனையே ஆபத்தாகிவிடும் நிலை இது. அதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா என்று கேட்ட பிறகே அதைச் செய்ய வேண்டும்.

பல சோதனைகளையும் சிறு அறுவைகளையும் ஒரே மயக்கத்தில் முடிப்பது அடுத்த முடிவு. மயக்கங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது நல்லதே. ஆனால் நேரம் நீள நீள மூச்சுப்பாதை வீக்கமும் தண்டுவட ஆபத்தும் ஏறும். இரண்டையும் எடைபோட்டே எல்லை குறிக்க வேண்டும்.

எங்கே, யார் என்பது மூன்றாவது. குழந்தை மயக்கவியலில் தேர்ந்தவர், காது மூக்கு தொண்டை மருத்துவர், ஃபைபர் ஆப்டிக் கருவி, தீவிர சிகிச்சைப் படுக்கை ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இல்லாவிட்டால், அவசரமில்லாத அறுவையை அங்கே தொடங்கக் கூடாது. மயக்கத்தின்போது நோயாளி தானே மூச்சுவிடுவதை இயன்றவரை காக்க வேண்டும். முகமூடி வழியே காற்று செல்கிறது என்று உறுதியாகும்வரை தசைத் தளர்த்தி மருந்து கொடுக்கலாகாது. லாரிஞ்சியல் மாஸ்க் வழியாக ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்பைச் செலுத்தி, அதன்மேல் டியூபை இறக்குவது இங்கே பயன் கண்ட முறை. டியூபை எடுப்பதற்கும் அதைச் செலுத்தியதற்கு இணையான ஆயத்தம் வேண்டும்.

முடிவுரை

இந்நோய் கண்டறியப்படும் முன்பே பல குழந்தைகள் குடலிறக்கத்துக்காகவோ காதில் நீர் கோத்ததற்காகவோ தியேட்டருக்கு வந்துவிடுகிறார்கள். தொப்புளிலும் கவட்டியிலும் குடலிறக்கம், ஓயாத சளி, உரத்த குறட்டை, தடித்த முகச்சாயல், விறைத்த மூட்டு ஆகியவை ஒரே குழந்தையிடம் சேர்ந்து தெரிந்தால், அறுவையைத் தள்ளிவைத்துச் சிறுநீர்ச் சோதனைக்கும் நொதிச் சோதனைக்கும் அனுப்பும் துணிவு மயக்கவியல் மருத்துவருக்கு வேண்டும். ஹண்டர் வகை நீங்கலாகப் பிற வகைகள் இரு பெற்றோரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் தோன்றுபவை. தாய்மாமன் மணமும் அத்தை மகன், மாமன் மகள் உறவும் வழக்கிலுள்ள தமிழகத்தில் இந்த ஐயம் நம் மனத்தில் எப்போதும் விழித்திருக்க வேண்டும்.

இந்திய அரசு 2021இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. சிறப்பு மையங்களின் வழியே நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க இப்போது இடமுண்டு. அந்த மையங்களில் மருந்துக்கு அளிக்கும் இடத்தை மயக்கப் பதிவுக்கும் அளிக்க வேண்டும். ஒவ்வொரு மயக்கத்துக்குப் பின்னும், முகமூடிக் காற்று எப்படிச் சென்றது, எந்தக் கருவி உதவியது, எந்த அளவு டியூப் நுழைந்தது, எந்த நாளில் என்பதை ஒரு தாளில் எழுதி, பெற்றோர் கையில் கொடுத்தனுப்புவோம். செலவில்லாத இந்தச் செயலை எந்த மருத்துவமனையும் நாளையே தொடங்கலாம்.