சாபத்தால் அமிழ்ந்த சக்கரமும் சங்கிலியால் எழுந்த எந்திரமும்

கர்ணனின் தேர்ச்சக்கரம் சேற்றிலே அமிழ்ந்தது. வில்லாற்றல் மிக்க வீரன், தேரோட்டி மகன் என்று ஏளனம் பேசப்பட்டவன், தேரைவிட்டு இறங்கிச் சக்கரத்தைத் தூக்குகிறான். சக்கரம் எழவில்லை; வீரன் வீழ்ந்தான். ஏன் அமிழ்ந்தது சக்கரம்? புராணிகரைக் கேட்டால் விடை தயாராக இருக்கிறது: பிராமணன் ஒருவனின் பசுவைக் கொன்றான், அவன் இட்ட சாபம் பலித்தது! தேரின் எடை என்ன, சக்கரத்தின் அகலம் என்ன, நிலத்தின் ஈரம் எவ்வளவு என்று கேட்டவர் யார்? கதை கேட்டோம், கண்ணீர் வடித்தோம், கணக்குக் கேட்டோமில்லை!

அமெரிக்க நாட்டில், கலிபோர்னியாவில், ஸ்டாக்டன் என்று ஓர் ஊர். அதனை அடுத்து ஆற்றுக் கழிமுகத்துத் தீவுகள். நாணலும் கோரையும் மக்கி மக்கி உண்டான கரிய மண். பொன் விளையும் பூமி. ஆனால் பஞ்சுபோல் மெத்தென்ற பூமி. குதிரை நடந்தால் குளம்பு புதையும். ஆகவே குதிரைக்கு அகலமான மரச்செருப்பு மாட்டி உழுதனர். நீராவி எந்திரத்தைக் கொண்டுவந்தனர். அது தன் எடையாலேயே தாழ்ந்தது. அங்கேயும் சக்கரம் அமிழ்ந்ததுதான்! ஆனால், யார் இட்ட சாபம் என்று எவரும் ஆராயவில்லை. எடையைக் குறைக்க இயலாதெனில் அடியை அகலமாக்கு என்றனர். சக்கரத்தை அகலமாக்கினர், மேலும் மேலும் அகலமாக்கினர். இறுதியில் பெஞ்சமின் ஹோல்ட் என்பாரின் தொழிற்சாலை 46 அடி அகலமுள்ள எந்திரம் ஒன்றையே செய்தது. உழுவதற்கு வந்த வண்டி ஊரையே அடைத்துக்கொண்டு நின்றது! திரும்ப இடமில்லை, செலவுக்கு எல்லையில்லை.

அப்போதுதான் சக்கரத்தையே விட்டுவிடும் துணிவு பிறந்தது. 1904 நவம்பர் 24 அன்று, ஸ்டாக்டனுக்கு அருகிலுள்ள ராபர்ட்ஸ் தீவில், ஹோல்ட்டின் நீராவி எந்திரம் ஒன்று பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பலகைகள் கோத்த சங்கிலித் தடங்களின்மீது ஊர்ந்தது. மனிதர் கால் வைக்கத் தயங்கிய சேற்றிலே அது புதையாமல் போயிற்று. அந்தத் தொழிற்சாலை 1883இல் ‘ஸ்டாக்டன் சக்கரக் கம்பெனி’ என்ற பெயரோடு தொடங்கியது என்பதை நண்பர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். சக்கரம் செய்து பிழைத்தவர்களே சக்கரத்தைக் கழற்றி வைத்தார்கள்! தாத்தா செய்தார், ஆகவே தலைமுறைதோறும் செய்வோம் என்று அவர்கள் சொல்லியிருந்தால், எந்திரம் இன்றும் சேற்றிலேதான் நின்றிருக்கும்.

இதிலே மாயம் என்ன, மந்திரம் என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து டன் எடையுள்ள எந்திரம். இருபுறமும் 7 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள தடம் நிலத்தில் படிகிறது என்று கொள்வோம். மொத்தம் 28 சதுர அடி. ஒரு சதுர அடிக்கு விழும் பாரம் ஏறக்குறைய 360 கிலோ. 60 கிலோ எடையுள்ள மனிதன் நடக்கும்போது ஒற்றைக் காலால் நிலத்தில் தரும் அழுத்தமும் ஏறக்குறைய இவ்வளவுதான்! பத்து டன் இரும்பு, பாதசாரி ஒருவனைப்போல் நடக்கிறது. அந்தக் காட்சியைக் கண்ட நிழற்படக்காரர் ஒருவர், கம்பளிப்புழுபோல் ஊர்கிறதே என்றாராம். அந்தச் சொல்லே ‘காட்டர்பில்லர்’ என்ற பெயராய் நிலைத்தது. நம் ஊரில் ‘செயின் வண்டி’ என்று மக்கள் அழைக்கும் மண்தள்ளும் எந்திரங்களுக்கெல்லாம் முன்னோடி அதுவே.

ஹோல்ட் ஒருவரே இதனைக் கண்டுபிடித்தாரா? அவதாரக் கதை கேட்டே பழகிய செவிகளுக்கு ஒற்றை நாயகன் வேண்டும். வரலாறோ கூட்டு உழைப்பின் கணக்கேடு. தன் பாதையைத் தானே சுமந்து செல்லும் வண்டி என்ற எண்ணத்துக்கு இங்கிலாந்தில் எட்ஜ்வொர்த் என்பவர் 1770இலேயே காப்புரிமை பெற்றார். ரஷ்யாவில் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்த பியோதர் பிளினோவ், முடிவில்லாத் தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்கு 1879இல் உரிமை பெற்று, பின்னர் நீராவியால் ஊரும் எந்திரத்தையும் செய்து காட்டினார். 1896இல் நீழ்னி நோவ்கரத் கண்காட்சியிலே அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பார்த்தார்கள், பாராட்டினார்கள், ஆனால் ஜார் ஆட்சியில் அதனைத் தொழிலாக வளர்க்க முன்வந்தவர் இல்லை. தேரோட்டி மகனுக்கு அரங்கிலே இடமில்லை என்றது அத்தினாபுரம். அடிமையின் மகனது அறிவுக்கு ஆலையிலே இடமில்லை என்றது ஜாரின் ரஷ்யா. சேற்றில் சிக்கிய சக்கரத்தைவிடப் பிறப்பில் சிக்கிய சமுதாயத்தைத் தூக்குவதே கடினம் போலும்!

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெயின் மாநிலத்தில், ஆல்வின் லம்பார்ட் என்பவர் 1901இல் உரிமை பெற்றார். பனிக்காட்டில் மரம் இழுக்கும் குதிரைகள் படும் பாட்டை மாற்ற வந்தது அவரது எந்திரம். பின்னே சங்கிலித் தடம். முன்னே பனிச்சறுக்குக் கட்டை. அதற்கு முன்னால், கொதிகலனுக்கும் முன்னால், வாட்டும் குளிரிலே ஒருவன் அமர்ந்து சுக்கானைத் திருப்ப வேண்டும். வண்டிக்கோ தடை கிடையாது! இறக்கம் வந்தால் பனிமேல் வைக்கோல் பரப்பியே வேகத்தைத் தணித்தனர். வரலாற்று ஏடு லம்பார்டின் பெயரைச் சொல்லும். தடையற்ற வண்டியின் முன்னே உயிரைப் பணயம் வைத்து அமர்ந்திருந்த அந்தச் சுக்கான்காரனின் பெயரை எந்த ஏடு சொல்லும்?

ஸ்டாக்டன் மண்ணுக்கும் அப்படியொரு மறைக்கப்பட்ட பக்கம் உண்டு. அந்தத் தீவுகளைச் சுற்றி முதன்முதலில் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு கரைகட்டியவர்களுள் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். கரை உயர்ந்தது, நிலம் விளைந்தது, 1882இல் சீனத் தொழிலாளர் இனி வரவே கூடாது என்று சட்டம் பிறந்தது! பின்னர் பஞ்சாபிலிருந்து உழைப்பாளிகள் வந்தனர். 1912இல் ஸ்டாக்டனில் குருத்வாரா ஒன்றும் எழுந்தது. 1913இல் வந்த சட்டமோ, குடியுரிமை பெறத் தகுதியற்றோர் என ஒதுக்கப்பட்ட ஆசிய நாட்டார் நிலம் வாங்கக்கூடாது என்றது. எந்திரம் மனிதனைச் சேற்றிலிருந்து மீட்டது, இனவெறியிலிருந்து மீட்கவில்லை. அது எந்திரத்தின் குற்றமன்று. அதை ஓட்டிய சமுதாயத்தின் குற்றம்.

உழவுக்குப் பிறந்த சங்கிலி, போருக்கும் போயிற்று. முதல் உலகப்போரிலே ஹோல்ட்டின் டிராக்டர்கள் பீரங்கிகளை இழுத்தன. அவற்றைக் கண்ட ஆங்கிலப் படை அதிகாரி ஸ்விண்டன், கவசம் பூண்ட தடவண்டி பற்றி எண்ணினார். 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்திலே முதன்முதலாக டாங்கிகள் ஊர்ந்தன. 1918இல் ஸ்விண்டன் ஸ்டாக்டனுக்கே வந்து ஹோல்ட்டுக்கு நன்றி கூறினார். ஏர் பூட்டியதும் அதே சங்கிலி. எலும்பு நொறுக்கியதும் அதே சங்கிலி! அறிவியல் கருவி தரும். எதற்குப் பயன்படுத்துவது என்ற அறிவைச் சமுதாயம்தான் தேட வேண்டும்.

ஹோல்ட் 1920இல் மறைந்தார். 1925இல் அவரது நிறுவனமும் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் இணைந்து காட்டர்பில்லர் டிராக்டர் கம்பெனி ஆயின. ‘சிக்ஸ்டி’ என்ற பெரிய பெட்ரோல் டிராக்டர் 1931 வரை வந்தது. அவ்வாண்டே டீசல் எந்திரமும் அறிமுகமாகி, பழையவை ஒதுங்கின. அவை எங்கே போயின? பல உருக்காலைக்கு, சில வயலோரத்து முட்புதருக்கு. அங்கே துருவேறிக் கிடந்தவற்றைத் தேடியெடுத்து, உயிரூட்டி ஓட்டிக்காட்டும் ஆர்வலர் கூட்டம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்டு. ஸ்டாக்டனின் ஹேகின் காட்சியகத்தில் ஹோல்ட் 75 டிராக்டர் நிற்கிறது. மெயினின் பிராட்லி நகரத்துக் காட்டுத்தொழில் காட்சியகத்தில், பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் கைவைத்துச் சீர்செய்த லம்பார்ட் எந்திரம் நீராவி கக்கிக்கொண்டு ஓடுகிறது.

அந்தச் சீரமைப்பு எத்தகைய பணி? பல்லாண்டு மழைநீர் இறங்கிய சிலிண்டரில் பிஸ்டன் பற்றிக்கொண்டிருக்கும். சம்மட்டி கொண்டு அடித்தால் உடையும். எண்ணெய் ஊற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, சூடு காட்டி, மெல்ல மெல்ல அசைக்க வேண்டும். உடைந்த உறுப்புக்குக் கடையில் மாற்று கிடைக்காது. மரத்தில் அச்சுச் செய்து, வார்த்து, கடைந்து எடுக்க வேண்டும். சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் தேயும். தேய்மானம் மயிரிழைதான், ஆனால் கண்ணிக்குக் கண்ணி கூடிக்கூடிச் சங்கிலியே நீண்டுவிடும், பல்சக்கரத்தின் பற்களோடு பொருந்தாமல் தாவும். முன்னுள்ள உருளையை நகர்த்தி இறுக்கலாம். அதற்கும் எல்லை உண்டு. அப்போது பின்னையும் புஷ்ஷையும் கழற்றி, அரைவட்டம் திருப்பி, தேயாத பக்கத்தைத் தேயும் இடத்தில் வைப்பார்கள். இறுக்கம் மிகுந்தால் தேய்மானம். தளர்ந்தால் தடம் கழன்று விழும். உழவன் கைப்பழக்கமும் பொறியாளன் கணக்கும் ஒன்றுசேர வேண்டிய இடம் அது.

‘சிக்ஸ்டி’யைக் கிளப்புவதே ஒரு கலை. பொத்தான் இல்லை. பறக்குஞ்சக்கரத்தின் துளையில் இரும்புக் கோலைச் செருகி ஆள்பலத்தால் நெம்ப வேண்டும். தீப்பொறி விழும் நேரத்தை முன்னதாகப் பிந்தி வைக்காவிட்டால், எந்திரம் எதிர்த்து உதைக்கும். கோல் கையை முறிக்கும். அதற்கு விரதம் இருந்தாலும் விளைவு மாறாது. நெம்புகோல் விதி தெரிந்தவனே நெம்பலாம். கண்காட்சிக்குக் கொண்டுபோவதற்கும் முறை உண்டு. தாழ்தள வண்டியில் ஏற்ற வேண்டும். இரும்புத் தடம் சாலையைக் கிழிக்காதபடி பலகை பரப்ப வேண்டும். குளிர்நாட்டில், வீடு திரும்பியதும் தண்ணீரை வடிக்க வேண்டும், உறைந்தால் வார்ப்படம் வெடிக்கும். பிறகும் அதனைப் படுக்கவிடக்கூடாது. அவ்வப்போது ஓட்டினால்தான் எண்ணெய் உறுப்புதோறும் பரவும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆயுதபூசை நாளிலே எந்திரத்துக்குச் சந்தனம் பூசுகிறோம், பொட்டு வைக்கிறோம், பூசணிக்காய் உடைக்கிறோம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். ஆண்டுக்கு ஒரு நாள் கற்பூரம். மற்ற நாளெல்லாம் புறக்கணிப்பு! தோழர்களே, கிரீஸ் வேண்டிய இடத்தில் சந்தனம் வைத்தால் தேய்மானம் நிற்குமா? எந்திரத்தைத் துடைத்து, பிரித்து, பழுது பார்க்கும் தொழிலாளியின் எண்ணெய்க் கையைக் குலுக்கத் தயங்குவோர், அந்த எந்திரத்தின்முன் கைகூப்புவது எதற்காக? பராமரிப்பே மெய்யான மரியாதை. அறிவே மெய்யான ஆராதனை.

இங்கும் இந்த எந்திரம் தொண்டு செய்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் எஞ்சிய அமெரிக்கப் படையின் டிராக்டர்களைக் கொண்டு 1947இல் மத்திய டிராக்டர் நிறுவனத்தை இந்திய அரசு அமைத்தது. நடு இந்தியாவில் ‘கான்ஸ்’ என்னும் ஆழவேர்ப் புல் பரந்த வயல்களைப் பாழாக்கியிருந்தது. மரக்கலப்பையின் கொழு அந்த வேரை எட்டவில்லை. சங்கிலித்தட டிராக்டர் ஆழ உழுது, வேரைப் புரட்டி வெயிலில் காயவிட்டது. 1949இல் இதற்கென உலக வங்கி 1 கோடி டாலர் கடன் தந்தது. எத்தனை யாகப்புகை எழுந்தும் வாடாத புல், எந்திரக் கொழுவுக்கு வாடிற்று! அந்த எந்திரங்களை ஓட்டியவர் யார், பழுது பார்த்தவர் யார் என்று நம் பாடநூல் சொல்கிறதா? மன்னன் தேரேறிய நாளை மனப்பாடம் செய்விக்கிறோம். மண்ணைத் திருத்திய மக்களை மறந்துவிடுகிறோம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். தொழிற்பயிற்சிப் பள்ளிதோறும் ஒரு பழைய எந்திரம் இருக்கட்டும். கண்ணாடிப் பேழைக்குள் பிணமாக அன்று, மாணவர் கையால் ஓடும் நிலையில். அதனருகே பலகை ஒன்று நிற்கட்டும். செய்த நிறுவனத்தின் பெயரோடு, ஓட்டியவன், வார்த்தவன், கரைகட்டியவன் கதையும் அதில் இருக்கட்டும். சங்கிலித் தடத்தில் ஒரு கண்ணி முறிந்தால் எந்திரம் முழுவதும் நின்றுவிடும். உழைப்போர் வரலாறும் அப்படிப்பட்ட சங்கிலிதான். அதில் எந்தக் கண்ணியும் தாழ்ந்ததன்று.

சேற்றில் சக்கரம் அமிழும்போது வானத்தைப் பார்ப்பதா, மண்ணைப் பார்ப்பதா? மண்ணைப் பார்ப்போம், கணக்குப் போடுவோம், அமிழ்ந்ததை எழுப்புவோம்!