ஒன்றாம் எண் பிராசஸ்: ஒரு சிறு வரலாறு

சர்வர் வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள் ‘சிஸ்டம்டி’ என்று அடிக்கடி பேசுகிறீர்கள். அது வந்த கதையைப் படித்துப் பார்த்தேன். சுவையான வரலாறு.

யூனிக்ஸ் வழி வந்த கணினியில் ஒவ்வொரு பிராசஸுக்கும் ஓர் எண் உண்டு. முதலில் எழுவது ‘இனிட்’. அதன் எண் 1. மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். தாய் பிராசஸ் முடிந்துவிட்டால், அனாதையான பிள்ளையை இனிட் தத்தெடுத்துக்கொள்ளும்.

சிக்கல் இங்கேதான். பின்னணியில் ஓடும் நிரல்கள் வேண்டுமென்றே இரண்டு தலைமுறை பிள்ளை பெற்று, நடுத் தலைமுறையை முடித்துவிட்டு, இனிட்டிடம் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு யார் எந்தக் குடும்பம் என்று தெரியாது. பழைய ‘சிஸ்டம் ஃபைவ்’ முறையில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் உண்டு. தலைவனின் எண்ணை ஒரு கோப்பில் குறித்து வைப்பார்கள். தலைவன் செத்து, அதே எண் வேறொன்றுக்குப் போயிருந்தால்? சம்பந்தமில்லாதவன் மாட்டுவான். தலைவனை நிறுத்தினாலும் சில பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்கும். (சுற்றுலாவில் பேருந்து கிளம்பும்முன் தலை எண்ணிய ஆசிரியர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும்.)

2006இல் உபுண்டுவின் ‘அப்ஸ்டார்ட்’ வந்தது. நிரல் எத்தனை முறை பிரியும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கணக்கு தப்பினால் குழப்பம்.

வழி வேறு திசையிலிருந்து கிடைத்தது. கூகுள் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006இல் தொடங்கிய ‘சிகுரூப்’ வேலை, 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24இல் சேர்ந்தது. அவர்கள் நினைத்தது நினைவகத்தையும் சிபியுவையும் பங்கிடுவதை. 2010 ஏப்ரலில் லெனார்ட் போட்டரிங் அறிவித்த சிஸ்டம்டி, அதையே குடும்ப அட்டையாக்கிவிட்டது. ஒரு சேவைக்கு ஒரு குழு. பிள்ளை எத்தனை முறை பிரிந்தாலும் பெயர் அதே அட்டையில்தான். நிறுத்து என்றால் குடும்பமே நிற்கும். நீண்ட ஸ்கிரிப்ட் இருந்த இடத்தில் சில வரி ‘யூனிட்’ கோப்பு. பல நிரல்கள் சேர்ந்த பெரிய அப்ளிகேஷன் என்றால், எல்லாவற்றையும் ஒரு ‘டார்கெட்’டின் கீழ் கட்டி ஒரே கட்டளையில் நடத்தலாம்.

2011 மே மாதம் ஃபெடோரா 15 இதை ஏற்றது. டெபியனிலோ பெருஞ்சண்டை! ஒரு நிரல் ஒரு வேலை என்ற யூனிக்ஸ் மரபை இது விழுங்குகிறது என்றார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்று பதிவேடு, லாகின், நெட்வொர்க் என்று அதன் கை எங்கும் நீள்கிறது. 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழுவின் ஓட்டு சமமாகி, தலைவர் பிடேல் கார்பீயின் ஓட்டால் சிஸ்டம்டி வென்றது. மனம் ஒப்பாதவர்கள் பிரிந்து ‘டெவுவான்’ தொடங்கினார்கள். நம் பிள்ளைகளின் இலவச மடிக்கணினியில் இருந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வம்சம்தான்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ‘சிஸ்டம்டி-சிஜிஎல்எஸ்’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். குடும்பம் குடும்பமாகப் பட்டியல் விரியும்.